நிலம் புரளுமுன்

கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் 2021இல் தமிழகத் தொல்லியல்துறை அகழ்ந்தது; கி.மு. 2172 அளவிலேயே அங்கு இரும்பு வழங்கியதென 2022இல் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அம் மாவட்டத்து மண்ணில்தான் இன்று ஓசூர் தொடங்கி ஆலைகளும் கல்லுடைக்கும் குழிகளும் பரவுகின்றன.

அழியுமுன் அறிய வழியுண்டு. புதையுண்ட கல்லடுக்கின்மேல் பயிர் குன்றும். தூர்ந்த அகழியின்மேல் செழிக்கும். வரப்பில் நிற்பார்க்குப் புலப்படாத அவ்வேறுபாடு வானிலிருந்தெடுத்த ஒளிப்படத்தில் கோடாகவும் வட்டமாகவும் தெரியும். இங்கிலாந்தில் கிராபோர்டு என்பார் 1920களிலேயே இம்முறையை வளர்த்தார். நாமோ ஆளில்லா வானூர்தியைத் திருமண ஊர்வலத்தின்மேல் பறக்கவிட்டு மகிழ்கிறோம்!

ஆலைக்கு நிலங்கொள்ளுமுன் அதனை வானிலிருந்து படமெடுக்கவும், ஐயுற்றவிடத்து அகழ்ந்து பார்க்கவும் அரசு ஆணையிடல்வேண்டும். உழவர்களே, கொழுமுனையில் தட்டுப்படும் பானையோட்டை வரப்பில் எறிந்துவிடாதீர். கிடைத்த இடத்தைக் குறித்து, ஊர்ப்பள்ளித் தமிழாசிரியரிடம் காட்டுங்கள்.