எடுத்த காரியத்தை முடித்தல்

நூலகவியலில் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர்களுக்குப் பகுப்பு முறையும் பட்டியலாக்கமும் வாசகருக்கு வழிகாட்டும் முறையும் நன்றாகவே கற்பிக்கப்படுகின்றன. ஆயினும், உத்தியோகத்தில் அமர்ந்த சில ஆண்டுகளுக்குள் அவர்கள் தலைமேல் வந்து விழும் பெரும் பொறுப்பு இம்மூன்றில் எதிலும் அடங்குவதில்லை. பழைய பட்டியல் முழுவதையும் கணினியில் ஏற்ற வேண்டும், நூலகத்தைப் புதிய கட்டடத்துக்கு மாற்ற வேண்டும், சிதிலமாகிவரும் அரிய நூல்களை ஸ்கேன் செய்து காப்பாற்ற வேண்டும் என்று ஒரு நாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது. தொடக்கமும் முடிவும் உடையதாய், பலர் கூடிச் செய்ய வேண்டியதாய், பணமும் காலமும் அளந்து கொடுக்கப்பட்டதாய் உள்ள இத்தகைய காரியத்தை முன்னின்று நடத்துவது தனியொரு வித்தை. அவ்வித்தையை நூலகர்கள் முறையாகப் பயில வேண்டும் என்பதும், அதற்குரிய அதிகாரத்தை ஸ்தாபனங்கள் அவர்களுக்கு மனமுவந்து அளிக்க வேண்டும் என்பதுமே என் உறுதியான அபிப்பிராயம்.

இதற்கு நான் எடுத்துக்காட்டாகக் கொள்வது நியூசிலாந்தின் ஒரு சிற்றூரில் நடந்த காரியத்தை. அந்நாட்டின் வட தீவில் லெவின் என்னும் ஊரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த வாசகர்களுக்காக இயங்கிய ஹொரோஃபெனுவா நூலக அறக்கட்டளை, 1999-ஆம் ஆண்டில் பெருஞ்சங்கடம் ஒன்றை எதிர்நோக்கி நின்றது. அங்கே பல ஆண்டுகளாகப் புத்தகம் வழங்கவும் திரும்பப் பெறவும் துணைநின்ற மென்பொருள், 2000 பிறந்ததும் தேதிகளைச் சரிவரக் கணக்கிடாது என்பது தெரியவந்தது. விற்பனைக்கு வந்த வேறு மென்பொருள்களோ, கிளை நூலகங்களை இணைப்பதற்குச் செலவு மிகுந்த தொலைத்தொடர்பு வசதியை வேண்டி நின்றன. அந்நிலையில் நூலகத் தலைவர் ரோசலீ பிளேக்கும் அவருடைய சகா ஜோ ரான்சமும், வெலிங்டன் நகரத்துச் சிறிய கணினி நிறுவனம் ஒன்றைத் துணைக்கொண்டு, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே உருவாக்கச் செய்வதென்று தீர்மானித்தார்கள். 2000 ஜனவரி 3 அன்று அது வேலை செய்யத் தொடங்கியது. இன்று நம் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இயங்கிவரும் ‘கோஹா’ அதுவே.

அந்நூலகர்கள் கணினிப் பொறியாளர்கள் அல்லர். தம் நூலகத்தில் அன்றாடம் நடப்பது யாது, வாசகர் கேட்பது யாது, கிளை நூலகத்துச் சாதாரணத் தொலைபேசி இணைப்பு எவ்வளவு தாங்கும் என்பவற்றை ஐயந்திரிபற அறிந்திருந்தார்கள்; அறிந்ததைப் பொறியாளர்களுக்கு விளங்கும்படி சொல்லவும் வல்லவராயிருந்தார்கள். எவ்வாற்றானும் தள்ளிப்போட இயலாத கெடு ஒன்று முன்னே நின்றமையால், இன்றியமையாதது எது, பின்னர்ச் சேர்த்துக்கொள்ளத் தக்கது எது என்று பிரித்தறியும் விவேகமும் அவர்களுக்கு வாய்த்தது. எல்லாவற்றினும் மேலாக, காரியம் முடிந்தபின் அதைக் காப்பவர் யார் என்பதையும் முன்கூட்டியே சிந்தித்தார்கள். மென்பொருள் வியாபாரம் நூலகத்தின் தொழிலன்று என்பதையும், ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பது ஆபத்து என்பதையும் உணர்ந்து, எவரும் எடுத்தாண்டு திருத்திக்கொள்ளும்படி அதனைத் திறந்த உரிமத்தில் உலகுக்கு வழங்கினார்கள்.

நம் ஊரில் இவ்வகைக் காரியங்கள் பாதியில் நின்றுபோவதற்குப் பணக்குறைவே காரணமென்று சொல்வது வழக்கம். என் அனுபவத்தில், தொடங்கும் முன் தீர்மானிக்க வேண்டியதைத் தீர்மானியாமையே பெரும்பாலும் காரணமாக அமைகிறது. பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலையையே பாருங்கள். மூன்று உதவியாளர்கள் மூன்று கணினிகளின் முன் அமர்ந்து, நூல் சேர்க்கைப் பதிவேடாகிய அக்ஸஷன் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பதிவு செய்கிறார்கள். ஒருவர் ‘சாமிநாதையர், உ.வே.’ என்று பதிகிறார், அடுத்தவர் ‘உ.வே. சாமிநாத ஐயர்’ என்கிறார். மூன்றாமவர், தம் கையிலிருக்கும் பழம்பதிப்பின் முகப்பில் உள்ளபடியே எழுதுவது நேர்மையென்று கருதி, வேறோர் எழுத்துமுறையைப் பின்பற்றுகிறார். மூவரும் சிரத்தையுள்ளவர்களே. ஆயினும், பின்னொரு நாள் ஒரு மாணவி அப்பெரியவரின் நூல்களைத் தேடும்பொழுது, நூலகத்தில் உள்ளவற்றுள் ஒரு பகுதியே திரையில் தோன்றும். மற்றவை அலமாரியில் இருந்தும் இல்லாதவையாகிவிடும். ‘கல்கி’ என்று பதிவதா, ‘கிருஷ்ணமூர்த்தி, ரா.’ என்று பதிவதா என்ற வினாவும் இவ்வாறே எழும். இவற்றுக்கெல்லாம் விடை கூறும் விதித்தாள் ஒன்றை முதல் நாளே எழுதி மூவர் மேசையிலும் வைத்து, ஓர் அலமாரியை மட்டும் முதலில் முடித்துச் சரிபார்த்து, அதில் தென்படும் குறைகளுக்கேற்ப விதிகளைத் திருத்திக்கொண்டு மேற்செல்பவரே காரியத் தலைவர்.

இத்தலைமையின் கடினமான பகுதி மனிதரைச் சார்ந்தது. நூலகருக்குத் தம் கீழுள்ளவர் சிலரே. காரியத்துக்கு வேண்டியவரோ பலர். கணினித் துறை ஆசிரியர், கணக்குப் பிரிவினர், மின்பணியாளர் ஆகியோர் எவரும் அவருடைய உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர்; அவர்களுடைய நல்லெண்ணத்தைப் பெற்றே வேலை வாங்க வேண்டும். கல்லூரி முதல்வரிடம் தொழில்நுட்பச் சொற்களை அடுக்குவதில் பிரயோஜனம் இல்லை. மாணவருக்கு என்ன நன்மை விளையும், எவ்வளவு செலவாகும், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கு எதைக் காட்ட இயலும், எந்த மாதத்தில் நூலகத்தை மூட வேண்டியிருக்கும் என்பவற்றைத் தெளிவாக ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் சம்மதம் எளிதில் கிட்டும். அலமாரிகளின் இடுக்கெல்லாம் அறிந்த முதிய கடைநிலை ஊழியரை முதற்கூட்டத்துக்கே அழைத்து அமரவைத்துக் கருத்துக் கேட்பதும் தலைமையின் இலக்கணமேயாகும். காணாமற்போனதாக எழுதப்பட்ட நூல்கள் எந்த அறையில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன என்பது அவருக்கே தெரியும்.

இவையெல்லாம் நமக்குப் புதியனவும் அல்ல. கணிதம் போதித்துக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, லண்டனில் நூலகவியலைப் பயின்று திரும்பி, வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று நூலை எடுத்துப் பார்க்கும் உரிமையை நிலைநாட்டினார். அவ்வொரு மாற்றத்துக்காக நூல்களின் அடுக்குமுறையையும் ஊழியரின் பழக்கத்தையும் நிர்வாகத்தின் மனத்தையும் ஒருங்கே மாற்ற வேண்டியிருந்தது. 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், ஊர் ஊராகச் சென்று நூல் வழங்கும் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டதற்கோ, ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளையின் ஆர்வமும் கைத்திறனும் மூலகாரணம். நூலகத்துறைக்கு வெளியே இருப்பவரின் ஆற்றலும் நூலகக் காரியத்துக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு அது என்றும் நிற்கும் சான்று.

ஆகவே, நூலகவியல் வகுப்புகளில் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு காரியத்தையேனும் திட்டமிடுவது முதல் ஒப்படைப்பது வரை தாமே நடத்திப் பார்க்கும்படி பாடத்திட்டம் அமைய வேண்டும். நிர்வாகிகளும், நூலகத்துக்கென்று ஒரு பணியைத் தொடங்கும்பொழுது, அதன் தலைவர் இன்னார், அவர் தம் பொறுப்பில் செலவிடக்கூடிய தொகை இவ்வளவு, அவருக்குத் துணையாக விடுவிக்கப்படுவோர் இன்னின்னார் என்று எழுத்து மூலம் ஆணை பிறப்பிக்க வேண்டும். நூலகரோ, நாளை தாம் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவர் தடையின்றித் தொடரும்படி, எடுத்த முடிவுகளையும் அவற்றுக்குரிய காரணங்களையும் நாள்தோறும் குறித்துவைக்க வேண்டும். பொறுப்பை மட்டும் கொடுத்து அதிகாரத்தை மறுக்கும் இடத்தில் எந்தத் திறமையும் பயன்படாது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தால், நம் நூலகர்கள் எடுத்ததை முடிப்பார்கள் என்பதில் எனக்கு யாதொரு சந்தேகமும் இல்லை.