கறியில் பழம் போடலாமா?

"கறிக் குழம்பில் பழத்தைப் போடுவதாவது!" என்று மூக்கின்மேல் விரல் வைக்கும் தாய்மார்கள் நன்னிலம் வட்டாரத்தில் இன்றைக்கும் உண்டு. அதே தாய்மார்கள்தாம் சித்திரை பிறந்ததும் மீன் குழம்பில் மாங்காயைக் கீறிப் போடுகிறார்கள். அந்த மாங்காய்த் துண்டு யார் தட்டில் விழுவது என்று வீட்டில் போட்டியே நடக்கும்! கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாண விருந்துக்குப் போனால், நெய்ச் சோற்றுக்குத் துணையாக வரும் தாளிச்சாவில் பருப்பும் ஆட்டெலும்பும் கத்தரிக்காயும் மாங்காயும் ஒன்றாக வெந்து கிடக்கும். அன்றாடம் கரைத்து ஊற்றும் புளியும் ஒரு பழந்தானே? கறியும் பழமும் சேரக்கூடாது என்ற சட்டம் நம் ஊரில் என்றுமே அமலில் இருந்ததில்லை.

இந்தப் பேச்சு இப்போது எழுவதற்குக் காரணம் இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது, பெட்டியில் அக்ரூட் பருப்பும் குங்குமப்பூவும் கொண்டு வருகிறார்கள். துபாயில் ஈரானியர் கடையில் தின்ற கோழிக் குழம்பை அம்மா செய்து தரவேண்டுமாம். அம்மா பாவம், என்ன செய்வாள்? இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், போதாக்குறைக்குக் கடையில் வாங்கிய மசாலாப் பொட்டலம் ஒன்று என்று தனக்குத் தெரிந்த வழியில் செய்து இறக்கிவிடுகிறாள். பிள்ளை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இது அதில்லையே!" என்கிறான். விலை கூடிய பருப்பும் வீண். பெற்றவள் முகமும் வாடிப் போகிறது. ஊரில் தங்கும் முப்பது நாளில் ஒரு நாள் இப்படிக் கழிவது நியாயமா?

குற்றம் அவள் கைப்பக்குவத்தில் இல்லை. அது எந்த மண்ணின் பதார்த்தம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாரசீகம் என்றதும் பாலைவனமும் ஷாக்களின் அரண்மனையுமே பலருக்கு நினைவு வருகின்றன. ஆனால், 'ஃபெஸன்ஜான்' என்ற இந்தக் குழம்புக்குப் பேர்போன இடம் கீலான். ஈரானின் வடக்கே, காஸ்பியன் கடலோரத்தில் இருக்கும் மாகாணம் அது. அங்கே மழைக்குப் பஞ்சமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல். கோழியைப் போலவே வாத்தையும் இக்குழம்பில் இடுவார்கள். அறுவடை முடிந்த தாளடி வயல்களில் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போகிறவரை நன்னிலத்தில் பார்க்காதவர் யார்? அந்த மாகாணத்தின் தலைநகரான ரஷ்ட், 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் படைப்பு நகரங்கள் வரிசையில் சமையற் கலைக்காகவே இடம் பெற்றது. நெல் விளைகிற ஒரு சீமையின் குழம்பு, நெல் விளைகிற இன்னொரு சீமைக்கு எப்படி அந்நியமாகும்?

மாதுளையும் நமக்குப் புதிதல்ல. மாதுளம்பிஞ்சை மோரில் எடுத்த வெண்ணெயில் வேகவிட்டு, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்க்கும் பாகத்தைப் பெரும்பாணாற்றுப்படை சொல்லுகிறது. அதைப் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் பலர். அடுப்பில் ஏற்றிப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ! பிற்காலத்துத் தஞ்சை அரண்மனைச் சமையலறையும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கவில்லை. இரண்டாம் சரபோஜி (1798–1832) பெயரால் வழங்கும் சரபேந்திர பாக சாஸ்திரத்தில் சைவமும் உண்டு, மாமிசமும் உண்டு. பாதாம், பிஸ்தா, கிஸ்மிஸ் என்று மளிகைக் கடையில் கேட்கிறோமே, அவை மூன்றும் பாரசீகச் சொற்கள். சொல் வந்து நூற்றாண்டுகள் ஆன பிறகு குழம்பு வருவதற்குத்தான் தயக்கம்!

இனி, பக்குவத்தைப் பார்ப்போம். நான்கு பேருக்கு நாட்டுக்கோழி முக்கால் கிலோ, அக்ரூட் கால் கிலோ, பெரிய மாதுளம்பழம் நான்கு, வெங்காயம் இரண்டு போதும். மாதுளை முத்துக்களைக் கசக்கிப் பிழிந்து வடிகட்டி, அந்தச் சாறு ஒரு தம்ளராகச் சுண்டும்வரை காய்ச்ச வேண்டும். அக்ரூட்டைச் சிறு தீயில் லேசாக வறுத்து, ஆறியதும் நன்றாக அரைத்துக்கொள்ள வேண்டும். அரைத்த விழுதில் மூன்று தம்ளர் தண்ணீர் விட்டு, கனமான பாத்திரத்தில் மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் விடுவது அவசியம். அவ்வப்போது கிளறாவிட்டால் அடி பிடிக்கும். பருப்பின் எண்ணெய் மேலே மிதந்து வருவதுதான் அடையாளம். எண்ணெய் பிரிவதற்காக ஈரானியப் பெண்கள் நடுவே ஐஸ் கட்டி போடுவார்கள். ஒரு கரண்டி குளிர்ந்த நீர் தெளித்தாலும் ஆகும். வெங்காயத்தை நெய்யில் சிவக்க வதக்கி, மஞ்சள்தூளும் மிளகும் உப்பும் சேர்த்துக் கோழியைப் புரட்டி, சுண்டிய சாற்றோடு பருப்புக் குழம்பில் இறக்கிவிட வேண்டும். நாட்டுக்கோழியானால் இன்னும் ஒரு மணி நேரம். பிராய்லர் என்றால் குழம்பு முற்றிலும் தயாரான பிறகு கடைசி அரை மணியில் போடுவதே நல்லது. முன்னால் போட்டால் கறி கரைந்து எலும்புதான் மிஞ்சும். கடைசியில் புளிப்புக்குத் தக்கபடி வெல்லம்.

இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள் இல்லையா என்று கேட்கலாம். இல்லை! இங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவற்றைச் சேர்த்த உடனே அது குருமாவாகிவிடும். குருமா நல்ல பண்டந்தான்; ஆனால், அதற்கு அக்ரூட் எதற்கு?

முந்திரியைப் போட்டால் என்ன என்று சிக்கனக்காரர்கள் கேட்பார்கள். முழுக்க முந்திரி கூடாது. அக்ரூட்டின் தோலில் இருக்கும் இலேசான கசப்புதான் மாதுளையின் இனிப்பைத் தூக்கி நிறுத்துகிறது. முந்திரியில் அது கிடையாது. பாதி அக்ரூட், பாதி வறுத்த வேர்க்கடலை என்று கலந்தால் செலவும் குறையும், ருசியும் அதிகம் கெடாது. சோலாப்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாதுளை பெரும்பாலும் தித்திப்பானது. ஆகையால், நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து ஊற்றுவதில் தவறேதுமில்லை. ஈரானின் தெற்குக் கடற்கரையில் மீன் குழம்புக்குப் புளிதான் சேர்க்கிறார்கள்; அதற்கு அரபியர் வைத்த பெயரே 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை. நாம் அனுப்பியதை நாமே உபயோகிப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சீமை மாதுளைப் பாகு புட்டி வாங்குவது வெறும் டம்பம். புலால் உண்ணாதவர்கள் கோழிக்குப் பதில் பரங்கிக்காயைப் போடலாம்; ஈரானிலும் அந்த வழக்கம் உண்டு.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது சிவக்கக் கூடாது, கறுக்க வேண்டும். கீலானில் சிலர் குழம்பில் ஓர் இரும்புத் துண்டையே போட்டு வேகவிடுவார்கள். நம் வீட்டுப் பரணில் இரும்புச் சட்டி தூங்குகிறதே, அதை இறக்கினால் போயிற்று.

சோறும் அப்படித்தான். ஈரானியர் அரிசியை முக்கால் வேக்காட்டில் வடித்து, மறுபடி தம்மில் வைக்கிறார்கள். குக்கர் வந்த பின் வடிக்கிற பழக்கமே நம் வீடுகளில் குறைந்துவிட்டது. இந்தக் குழம்பு வைக்கிற அன்றாவது வடித்த சாதம் வேண்டும். பாத்திரத்தின் அடியில் பிடிக்கும் பொன்னிறக் காந்தலுக்கு அவர்கள் 'தஹ்தீக்' என்று பெயர் வைத்து, விருந்தாளிக்கு முதல் மரியாதையாகப் பரிமாறுகிறார்கள். நம் வீட்டில் காந்தலைச் சுரண்டித் தின்ற குழந்தைக்குக் கிடைப்பதோ வசவு!

இவ்வளவும் சரி, இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்று கிளறுவது யார்? இதற்கும் அம்மாதான் என்றால் இந்தக் குழம்பே வேண்டாம். கேட்டவன் கிளறட்டும். முத்துக்களை உதிர்ப்பது, பருப்பை அரைப்பது, சாறு சுண்டுகிறவரை பார்த்துக்கொள்வது எல்லாம் பிள்ளை செய்யக்கூடிய வேலைகளே. வெளிநாட்டில் அறை நண்பர்களோடு முறை வைத்துச் சமைத்துப் பழகிய கைக்கு ஊர் மண்ணை மிதித்ததும் என்ன வந்துவிடுகிறது? உப்புப் பார்ப்பதையும் வெல்லத்தை நிதானிப்பதையும் மட்டும் அம்மாவிடம் விட்டுவிடலாம். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

மீந்த குழம்பை இரும்புச் சட்டியிலேயே விட்டுவிடக்கூடாது. புளிப்பு இரும்பைத் தின்னும். வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஆறியபின் குளிர்ப்பெட்டியில் வைத்தால், மீன் குழம்பைப் போலவே இதற்கும் மறுநாள் ருசி கூடும். சுடவைத்துப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டாலும் வெகு பொருத்தம். ரஷ்ட் நகரத்தாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.