சேம அச்சும் பெண்டு நிமிர்த்தலும்

கரும்பு வெட்டுக் காலத்தில் அரூரிலிருந்து தீர்த்தமலைக்கு இருசக்கர வண்டியில் செல்பவர்களுக்கு ஒரு பழக்கம் தானாகவே வந்துவிடும்: முன்னால் போகும் டிராக்டர் டிரெய்லரின் பின்சக்கரங்களைக் கவனித்துக்கொண்டே போவது. இரண்டும் நேராக நின்று சுழன்றால் முந்தலாம். ஒன்று தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு தள்ளாடினால் பின்தங்கிவிடுவதே உத்தமம்.

சென்ற மாசியில் அப்படித் தள்ளாடிய சக்கரம் ஒன்று என் பழைய மாணவனுடையதாக இருந்தது. தமிழில் இளங்கலை முடித்து, வேலைக்குக் காத்திருந்து சலித்து, தகப்பனாரின் டிராக்டரை எடுத்துக்கொண்டவன். கோபாலபுரத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறான். மலையடிவாரத்தில் ஒரு பட்டறை வாசலில் டிரெய்லரை ஜாக்கியில் ஏற்றி நிறுத்தியிருந்தான். பின் அச்சு வளைந்திருந்தது. டயரின் உள்விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. ஹப்பில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

“பெண்டு எடுத்துட்டா இன்னும் ரெண்டு வெட்டு தாங்கும்யா” என்றான். உலைக்காரரும் ஆமோதித்தார். கேஸ் விளக்கால் செக்கச்செவேலெனக் காய்ச்சி, சம்மட்டியால் நாலு தட்டுத் தட்டினால் நேராகிவிடும் என்றார். (ஒருவனைக் கசக்கிப் பிழிவதைப் ‘பெண்டு நிமிர்த்துவது’ என்கிறோமே, அது இந்தப் பட்டறைகளிலிருந்து வந்த வழக்காகத்தான் இருக்க வேண்டும்.)

நேராகிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நேராவதும் உறுதி பெறுவதும் ஒன்றா என்பதுதான் கேள்வி. எஃகு ஓர் எல்லை வரை வளைந்து தானே மீளும். அந்த எல்லையைத் தாண்டி வளைந்தது தானாக மீளாது. குளிர்ந்த நிலையில் அழுத்தி நிமிர்த்தினால் உள்ளுக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. காய்ச்சி நிமிர்த்தினால், ஆலையில் பதமாகக் கொடுத்திருந்த வலு அந்த இடத்தில் கலைந்துபோகிறது. முதல் வளைவிலேயே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருந்தால், அது பெரும்பாலும் அச்சு தடித்த நிலையிலிருந்து மெலியும் தோள்பட்டையில், ஹப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சம்மட்டி அதை மூடுவதில்லை.

இதை உலகம் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலில் முன் எஞ்சினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்துருவக் கடல்வரை சென்று மீண்ட கடலோடி துமோன் துர்வீல் மனைவியோடும் மகனோடும் அதில் மடிந்தார். மிலோ தீவின் வீனஸ் சிலையின் அருமையை உணர்ந்து அது பிரான்சுக்குப் போய்ச்சேர வழிசெய்தவர்களுள் ஒருவர் அவர். நன்றாக ஓடிய இரும்பு ஒருநாள் ஏன் முறிகிறது என்பதை ரேங்கின் அடுத்த ஆண்டே ஆராய்ந்தார். பின்னர் பிரஷ்ய ரயில்வேயின் வோலர் ஆண்டுக்கணக்கில் அச்சுகளைச் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்க முடியாத சிறு பாரமும் லட்சம் முறை திரும்பத் திரும்பத் தாக்கினால் முறித்துவிடும் என்று தெரிந்தது. உலோகத்தின் சோர்வு என்று அதற்குப் பெயர்.

மலைவாசத்தலங்களின் கேளிக்கைப் பூங்காக்களில் பருத்த நான்கு சக்கரங்களுடன் ஓடும் ஏடிவி வண்டிகளில் இந்தச் சோர்வு இன்னும் விரைவானது. பலவற்றில் பின்சக்கரம் இரண்டையும் ஒரே தண்டு இணைத்து, தானும் சேர்ந்து சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேற்புறம் கீழாகி, அமுங்கிய இடம் இழுபடுகிறது. கிலோமீட்டருக்கு ஐந்நூறு முறைக்கு மேல் இது நடக்கும். வளைந்த தண்டு பேரிங்கையும் சங்கிலியையும் கூடவே தின்றுவிடும். டிரெய்லரின் அச்சு சுழல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளமும் அதற்கு ஓர் அடி.

இவ்வளவையும் பட்டறை வாசலில் நான் சொல்லவில்லை. அவனுக்கு நான் நடத்திய பாடத்தையே நினைவூட்டினேன். புறநானூற்றின் 102ஆம் பாட்டு. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உப்பு வணிகர் தம் வண்டியின் அடிமரத்தில் கட்டிக்கொண்டு போகும் மாற்று அச்சுக்கு அவனை உவமித்த பாட்டு. ‘சேம அச்சு’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லி, இரண்டு மதிப்பெண்ணுக்கு உரியது என்று குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இருபதாண்டுகளாக அடுத்த பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். உவமையில் அரசனைப் பார்த்தோம், வண்டியை ஒருவரும் பார்க்கவில்லை. எருதுகள் இளையவை, சரக்கு கனம், வழியில் மேடுபள்ளம் எங்கே என்பது தெரியாது. இவை மூன்றும் அங்கே சொல்லப்படுகின்றன. அதற்கு அந்த வணிகர் செய்துகொண்ட ஏற்பாடு முறிந்ததை ஒட்டவைப்பது அன்று, புதிதாய் ஒன்றை மாட்டுவது. தகடூர் மண்ணில் பிறந்த பிள்ளைக்கு இதை உவமையணிக்கு எடுத்துக்காட்டாக மட்டும் கற்பித்தது என் தவறு.

சுமையின் அளவைப் பற்றியோ வள்ளுவரே ‘வலியறிதல்’ அதிகாரத்தில் மயிலிறகை ஏற்றி அச்சை முறித்துக் காட்டிவிட்டார். அந்தக் குறளை மேடையில் முழங்குபவர்களில் எத்தனை பேர் கரும்பு வண்டியை நினைக்கிறார்கள்?

அவன் கேட்டது நியாயமான கேள்வி. “புது அச்சுக்குக் காசு யாருங்யா தர்றது? வண்டி ஒருநாள் நின்னா வெட்டுக் கூலியும் நிக்குது.” கொழுவையும் கடப்பாரையையும் நிமிர்த்திப் பிழைக்கிற ஊரில் இதை ஏளனம் செய்ய எனக்கு உரிமையில்லை. கடப்பாரை மறுபடி வளைந்தால் கை நோகும், அவ்வளவுதான். அச்சு முறிந்தால் பாரத்தின் மேல் உட்கார்ந்து வரும் வெட்டாட்கள் விழுவார்கள், பின்னால் வரும் பள்ளிப்பிள்ளையின் சைக்கிள்மேல் கரும்பு சரியும். அந்தச் செலவை அச்சின் விலையோடு சேர்த்து எழுத வேண்டாமா?

உலைக்காரர் நல்லவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார் சொல்றதும் சரிதான், நிமித்துன எடத்துலயே திரும்ப வளையுறத நானும் பாத்திருக்கேன்” என்றார். அரூரிலிருந்து அதே கனத்தில் வேறோர் அச்சு மறுநாள் வந்தது. பேரிங்கையும் சேர்த்தே மாற்றினார். பூட்டும்போது முன்கொக்கியிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் நாடா பிடித்து, இரண்டு அளவும் ஒத்துவரும்வரை போல்ட்டை முடுக்கவில்லை. எனக்கு அந்தச் சூட்சுமம் தெரியாது, கற்றுக்கொண்டேன்.

பழைய அச்சைக் காயலான் கடைக்குப் போட எடுத்தான் மாணவன். முழுசாகப் போட்டால் யாராவது வாங்கிப் பெண்டு எடுத்துவிடுவார்கள் என்றேன். உலைக்காரர் சிரித்துக்கொண்டே கேஸைப் பற்றவைத்து அதை நடுவில் இரண்டாக அறுத்தார்.