கொடிக்கால் காட்டும் தீவன வழி

பங்குனி பிறந்துவிட்டால் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மேய்ச்சல் தரைகளில் மாடு வாய் வைக்க ஒன்றும் இராது. ஒற்றைக் கறவையை நம்பிப் பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தாங்கும் குடும்பங்களுக்கு அதுவே சோதனைக் காலம். வைக்கோல் வயிற்றை நிரப்பும், மடியை நிரப்பாது. அதில் புரதம் நூற்றுக்கு நான்கு பங்கு தேறினாலே அதிகம். பிண்ணாக்கு வாங்கினாலோ பால் பணம் கடைக்கே போய்விடுகிறது. முடிவில் சித்திரையில் மாடு சந்தைக்குப் போகிறது. ஐப்பசி மழையில் புல் தழைக்கும்போது கட்டுத்தறி வெறுமையாய்க் கிடக்கிறது.

இக்குறையைத் தீர்க்கும் வழியொன்று நம் அருகிலேயே உண்டு. 1895-இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர் வைகையில் கலந்து வளஞ்செய்யும் சோழவந்தான் பகுதியின் கொடிக்கால்களை நம் வாசகர்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே வெற்றிலைக் கொடி படரவும் நிழல் பெறவும் வரிசை வரிசையாக அகத்தியை வளர்க்கிறார்கள். கழித்தெடுக்கும் தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகிறது. அகத்தி பயறு இனத்தைச் சேர்ந்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன. ஆகவேதான் அதன் இலையில் புரதம் மிகுந்திருக்கிறது. வெற்றிலைக்குப் பாய்ச்சும் நீரிலேயே தீவனமும் விளைகிறது என்பது நம் முன்னோர் கண்ட சிக்கனம்.

கொடிக்கால் இல்லாதோர் என் செய்வது? அகத்தியை அடியோடு அடிக்கடி வெட்டினால் பட்டுப்போகும். குதிரைமசால் சிறந்த தீவனமே. ஆயினும் நீர் தேங்கும் மண்ணில் அது நிலைக்காது. பசித்த மாட்டுக்குப் பச்சையாக அதை மட்டுமே அள்ளிப் போட்டால் வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகும். சூபாபுல் என்னும் சவுண்டலில் ஒரு நச்சுப்பொருள் உண்டு. மொத்தத் தீவனத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டினால் மாட்டுக்கு மயிர் உதிரும்.

நம் சமவெளிக்கு ஏற்றது வேலிமசால் என்பதே நம் கருத்து. ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகள் நின்று பலன் தரும். விதைத்த தொண்ணூறாம் நாள் முதல் அறுப்பு. பிறகு நாற்பது நாளுக்கு ஒருமுறை. தரையோடு அறுக்காமல் முழங்கால் உயரம் விட்டு அறுத்தால் பக்கக் கிளைகள் நன்றாய்த் துளிர்க்கும்.

நல்ல பாசனமும் எருவும் இருந்தால் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு நூறு டன் வரை பசுந்தழை கிடைக்கும் என்பார்கள். நம் கிணற்றுத் தோட்டங்களில் அதில் பாதி என்றே வைத்துக்கொள்வோம். பத்து சென்டில் நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்குமேல் கிடைக்கும். இதனுடன் மூன்று பங்கு கம்பு நேப்பியர் போன்ற புல்லைச் சேர்த்து நறுக்கிப் போட்டால் ஒரு கறவைக்கு அது நல்ல உணவு. பிண்ணாக்குச் செலவும் குறையும்.

தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமே. வாரம் ஒரு பாய்ச்சல் வேண்டும். கோடையில் கிணறு இறங்கும் ஊரில் ஏக்கர் கணக்கில் தீவனம் போட நாம் சொல்லமாட்டோம். அது அண்டை வீட்டுக் கிணற்றையும் வற்றச் செய்யும். மாடு ஒன்றுக்குப் பத்து சென்ட் போதும். தொழுவம் கழுவும் நீரையும் அங்கேயே திருப்பிவிடலாம். இன்னொன்றும் எண்ணுங்கள். வரப்பு வரப்பாய் அலைந்து புல் சேர்த்துத் தலைச்சுமையாய்க் கொண்டுவருவோர் நம் பெண்களே. அந்தக் கூலியை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நாம் எழுதுவதில்லை. பாத்தி வீட்டருகே இருந்தால் அந்த அலைச்சல் பாதியாகும்.

விதையின் மேல்தோல் கடினமானது. அப்படியே தூவினால் பெரும்பகுதி முளைக்காது. விதை பொய்த்தது என்று பலர் கைவிடுவது இதனால்தான். கொதித்த நீரை அடுப்பினின்று இறக்கிச் சற்றுச் சூடு தணிந்தபின் விதையை அதில் ஐந்து நிமிடம் போட்டு வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்தி விதைக்கவேண்டும். வரிசைக்கு வரிசை அரை மீட்டர் இடைவெளி இருக்கட்டும். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் ஐப்பசி மழையே முதல் பாய்ச்சல்கள் சிலவற்றை மிச்சப்படுத்தும். ஆனால் விதைக்குமுன் முள்வேலி போட்டுவிடுங்கள். இளங்கன்றை வெள்ளாடு ஒரே காலையில் தீர்த்துவிடும்.