பவரைக் குறைச்சு ஜெயிச்ச கார்

நம்ம கேன்டீன்ல கார் பேச்சு வந்தாலே முதல் கேள்வி "எத்தனை ஹெச்பி?" தான். ரோட்டுல ஓடுற ஸ்போர்ட்ஸ் காரை ரேஸுக்கு மாத்தணும்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டுப் பாருங்க. டர்போ, ஈசியூ ரீமேப், பெரிய எக்ஸாஸ்ட்... அதோட பட்டியல் முடிஞ்சிடும். 24 மணி நேரம் ஓட வேண்டிய காருக்கு இது வேலைக்கு ஆகாது என்பது என் கருத்து.

மெக்லாரன் எஃப்1-ஐ எடுத்துக்கோங்க. கார்டன் மர்ரே அதை ரோட்டுக்காகத்தான் வடிவமைத்தார். ரேஸில் ஓட்ட ஆசைப்பட்ட வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டதால்தான் ஜிடிஆர் பிறந்தது. ரோட்டு காரின் 6.1 லிட்டர் பிஎம்டபிள்யூ வி12 இன்ஜின் 627 ஹெச்பி தரும். ரேஸ் விதிப்படி காற்று போகும் வழியில் ரெஸ்ட்ரிக்டர் மாட்டியதும் அது சுமார் 600 ஆனது. ஆமாங்க, ரேஸ் காருக்குப் பவர் கம்மி! மாற்றமெல்லாம் வேற இடத்தில்: கார்பன் பிரேக், ரோல் கேஜ், பின்னால் ஒரு விங். உள்ளே இருந்த சொகுசு மொத்தமும் வெளியே.

1995 லே மான்ஸ். ஜே.ஜே. லேட்டோ, யானிக் டால்மாஸ், மசனோரி செகியா ஓட்டிய 59-ம் எண் ஜிடிஆர் ஒட்டுமொத்த முதலிடம். 3, 4, 5-ம் இடங்களும் ஜிடிஆருக்கே. இரண்டாவது வந்தது, ரேஸுக்கென்றே கட்டிய கூராஜ் ப்ரோட்டோடைப். மரியோ ஆண்ட்ரெட்டி ஓட்டும்போது ஆரம்பத்திலேயே இடிபட்டு, ரிப்பேருக்காகப் பல லேப்களை இழந்து, கடைசியில் ஒரே ஒரு லேப் பின்தங்கியது. ரிப்பேருக்கு நின்ற நேரத்தை வேகத்தால் ஈடுகட்ட முடியலை.

"அன்னைக்கு மழை, அதிர்ஷ்டம்பா" என்பவர்கள் உண்டு. பாதி சரி. ஈரத் தரையில் டயர் பிடிமானம் குறையும், கியர்பாக்ஸ் மேல விழுற சுமையும் குறையும். ஆனா மழை எல்லார் மேலயும்தானே பெய்தது?

கோவை கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத்திலும் அதிக பாயின்ட் எண்டூரன்ஸுக்குத்தான். வெறும் 22 கிலோமீட்டர். அதிலேயே நிறைய கார்கள் நடுவில் நின்னுடும். டிரைவர் மாறும்போது அணைத்த இன்ஜின் சூட்டில் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. ரேடியேட்டர், வயரிங், ஒரு லூஸ் போல்ட், இதுக்கெல்லாம் நம்ம டீம்கள் கடைசி வாரத்தைத்தான் ஒதுக்குது. அடுத்த டிசைன் ரிவ்யூவில் யாராவது பவர் கிராஃப் காட்டினா, கைதட்டாதீங்க. சூடான இன்ஜினை அணைச்சிட்டு மூணு நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க.