கத்தியும் கரண்டியும் சேர்ப்போர்

தபால் முத்திரை சேர்ப்பவரைக் கண்டால் நல்ல பொழுதுபோக்கு என்று மெச்சுகின்றோம். நாணயம் சேர்ப்பவரை வரலாற்றறிவு மிக்கவர் என்று போற்றுகின்றோம். ஆயின் ஒருவர் பழைய மேசைக் கத்திகளையும் முள்ளுக்கரண்டிகளையும் தேடித் தேடிச் சேர்க்கின்றார் என்றால் நமக்குச் சிரிப்பு வந்துவிடுகின்றது. அரும்பொருள் என்றால் அரசர் கையிற் பட்டதாதல் வேண்டும், அன்றேல் மண்ணிலிருந்து தோண்டி எடுத்ததாதல் வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிக் கிடக்கின்றது.

இங்கிலாந்திலும் டென்மார்க், சுவீடன், பின்லாந்து முதலிய வடநாடுகளிலும் இத்தகைய சேகரிப்பாளர் பலர் உளர். அவர்கள் பெரிதும் விரும்புவன ஏறத்தாழ 1950க்கும் 1970க்கும் இடைப்பட்ட காலத்துப் பாத்திர பண்டங்களே. ‘நடுநூற்றாண்டு நவீனம்’ என்று அப்பாணிக்கு இன்று பெயர் வழங்குகின்றது. அவற்றுட் பல பொன்னுமல்ல, வெள்ளியுமல்ல. நம் அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் எவர்சில்வரே.

எவர்சில்வர் என்ற பெயரில் வெள்ளி உண்டு, பொருளில் இல்லை. அது இரும்போடு குரோமியம் கலந்த உருக்கு. குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமொன்றை மேலே போர்த்துகின்றது. கீறல் விழுந்தால் அவ்விடத்தில் அப்படலம் தானே மீண்டும் உண்டாகிவிடும். துரு ஏறாமைக்கு இதுவே காரணம். இரசாயனம் கற்கும் மாணவர் இதனை மனத்திற் கொள்க.

இவ்வுருக்கை 1913ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் வார்த்தெடுத்தவர் ஹரி பிறியர்லி என்பவர். உருக்கு உலைத் தொழிலாளி ஒருவரின் மைந்தர். பன்னிரண்டு வயதிலே பள்ளியை விட்டு, ஆய்வுகூடத்திற் போத்தல் கழுவும் பையனாகச் சேர்ந்தவர். அவர் தேடியது கரண்டிக்கான உலோகம் அன்று. சூட்டினாலும் உராய்வினாலும் தேயாத துப்பாக்கிக் குழலுக்கான உலோகம். நூற்றுக்குப் பதின்மூன்று பங்களவு குரோமியம் சேர்ந்த உருக்கொன்றை நுணுக்குக்காட்டியில் ஆராய்வதற்காக அமிலத்தில் இட்டபோது அமிலம் அதனைத் தீண்ட மறுத்தது. மேசைக் கத்தி செய்வதற்கு ஏற்ற உலோகம் இதுவென்று அவர் கண்டுகொண்டார். அவருடைய மேலதிகாரிகள் அக்கறை கொள்ளவில்லை. பின்னர் கத்தித் தொழிற்சாலையொன்றின் மேலாளரான ஏர்னஸ்ற் ஸ்ருவேட் என்பவர் அதனை வினாகிரியில் இட்டுச் சோதித்துப் பார்த்தார். கறைபடாதது என்று பொருள்தரும் ‘ஸ்ரெயின்லெஸ்’ என்னும் பெயர் அப்போது அவர் வாயிற் பிறந்ததே. முதலிற் செய்த கத்திகள் கூர் கொள்ளாமையால், துருவும் பிடியாது, வெட்டவும் மாட்டாது என்று ஊரார் எள்ளினர்.

அதுவரை மேசைக் கத்திகள் வெறும் கரியுருக்கினால் ஆனவை. தேசிப்புளி பட்டாற் கறுக்கும், ஈரம் பட்டாற் துருப்பிடிக்கும். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னரும் யாரோ ஒருவர் பொடியிட்டு அவற்றைத் தேய்த்துத் துலக்குதல் வேண்டும். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் ஏழை வேலைக்காரச் சிறுமி. வெள்ளிக் கரண்டியின் பளபளப்பைப் புகழ்ந்து எழுதுவோர் இச்சிறுமியை நினைப்பது அரிது. எவர்சில்வரால் மிக்க நன்மை பெற்றவள் அவளே என்பது நமது கருத்து.

உலோகம் புதிதாயினும் வடிவம் நெடுங்காலம் பழையதாகவே இருந்தது. வெள்ளிக் கரண்டிக்குரிய பூவேலையை அப்படியே உருக்கிலும் அச்சிட்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே இளைஞர் சிலர் இது பொருந்தாது என்று துணிந்தனர். அவர்களுள் இருவரைச் சொல்லாமல் விடுதல் இயலாது. ஒருவர் றொபேட் வெல்ஷ். இவர் 1955இல் சிப்பிங் கம்டன் என்னும் சிற்றூரின் பழைய பட்டாலையிற் பட்டறை அமைத்து, ‘ஓல்ட் ஹோல்’ என்ற பெயரில் எவர்சில்வர்ப் பாத்திரம் செய்த தொழிற்சாலைக்கு வடிவங்கள் வரைந்தார். மற்றவர் ஷெபீல்ட் நகரிலேயே 1930இற் பிறந்த டேவிட் மெல்லர். 1953இல், மாணவப் பருவத்திலேயே, இவர் வரைந்த ‘பிறைட்’ என்னும் தொகுதி வெள்ளி முலாம் பூசியதாயினும் ஒரு பூவும் இல்லாதது. 1957இல் அதற்குப் பரிசு கிடைத்தது.

மெல்லரின் செயல்களுள் நாம் பெரிதும் மதிப்பது 1965ஆம் ஆண்டுக்குரியது. மருத்துவமனை, சிறைச்சாலை, புகையிரதம், அரசாங்க உணவுச்சாலை ஆகியவற்றிற்கான கரண்டித் தொகுதியொன்றைப் பிரித்தானிய அரசாங்கம் அவரிடம் வேண்டியது. வழக்கமான தொகுதியிலே பதினொரு உருப்படிகள். மெல்லரோ ஐந்து போதும் என்றார். மீனுக்கு ஒரு கத்தி, இறைச்சிக்கு ஒரு கத்தி, பழத்துக்கு ஒரு கத்தி என்று அடுக்கிய பழம்பெருமையைக் களைந்துவிட்டு அவர் செய்த தொகுதிக்குச் சிக்கனம் என்று பொருள்படும் ‘திறிவ்ற்’ என்பதே பெயர். அமைச்சருக்கும் கைதிக்கும் ஒரே கரண்டி! பிரித்தானிய வீதிகளிலே நிற்கும் சமிக்ஞை விளக்குகளின் வடிவமும் அதே கையில் உருவானதுதான். சிறைச்சாலைக்கென்று மலிவாகச் செய்த கரண்டியை இன்று செல்வர் வீட்டுக் கண்ணாடி அலுமாரியிற் காணும்போது மெல்லர் மகிழ்வாரா, வருந்துவாரா என்று எண்ணத் தோன்றுகின்றது.

டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் ஆர்ண ஜாகொப்சன் 1957இல் வரைந்த தொகுதி இதற்கு நேர்மாறானது. கொப்பன்ஹேகன் நகரில் 1960இல் திறந்த பெரிய ஹோட்டல் ஒன்றிற்குக் கட்டடம் முதல் கதவுப் பிடி வரை வரைந்தவர் அவரே. கரண்டியை மட்டும் விடுவாரா? ஒரே தகட்டிலிருந்து உருவி எடுத்தது போன்ற மெல்லிய வடிவம். வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று எனச் சூப்புக் கரண்டிகளும் உண்டு. 1968இல் வெளிவந்த ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி’ திரைப்படத்தில், வருங்கால விண்வெளிப் பயணிகள் உண்பதற்குப் படத்தயாரிப்பாளர் தெரிந்தெடுத்தது இத்தொகுதியையே. ஆயினும் அம்முள்ளுக்கரண்டியின் பற்கள் மிகக் குறுகியவை. பார்க்க அழகு, பயற்றங்காயைக் குத்தி வாய்க்குக் கொண்டுபோவதென்றாற் பொறுமை வேண்டும்.

பீங்கான் சேர்ப்போர் கூட்டம் வேறு. அவர்கள் தேடும் பொருள்களுள் ஒன்று ‘ஹோம்மேக்கர்’ என்னும் தட்டு. ஏனிட் சீனி என்னும் இளம் பெண்மணி வரைந்து, றிட்ஜ்வே தொழிற்சாலை 1957இற் செய்து, வூல்வேர்த் கடைகளில் மலிவாக விற்றது. வெள்ளைப் பீங்கானிற் கறுப்புக் கோடுகளால் நாற்காலி, விளக்கு, செடித்தாங்கி எனப் புதுப்பாணித் தளபாடங்களைத் தீட்டியிருக்கின்றார். அந்நாற்காலியை வாங்க வழியில்லாத இளங் குடும்பத்தினர் அதன் படத்திற் சோறுண்டனர் எனலாம்.

வாங்க விழைவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஈ.பீ.என்.எஸ். என்ற எழுத்துகள் பொறித்த கரண்டியை வெள்ளி என்று விற்பாரும் உளர், நம்பி வாங்குவாரும் உளர். அவ்வெழுத்துகள் நிக்கல் வெள்ளியின் மேல் மின்சாரத்தால் முலாம் பூசியது என்றே கூறுகின்றன. நிக்கல் வெள்ளியோ செம்பும் நாகமும் நிக்கலும் கலந்தது. அதில் வெள்ளி துளியும் இல்லை. ஆங்கில நாட்டு உண்மையான வெள்ளியில் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருக்கும். ஷெபீல்ட் நகரிற் சோதித்ததாயின் 1974 வரை முடியும் அதன்பின் ரோசா மலரும் உடனிருக்கும். காந்தத்தை நம்பி ஏமாறாதீர். வெள்ளியும் முலாமும் ஆகிய இரண்டுமே காந்தத்தில் ஒட்டா. எவர்சில்வரிலோ 18/8 என்று குறித்த நல்ல கரண்டி ஒட்டாது, அதே தொகுதியின் கத்தி அலகு ஒட்டும். கூர் தாங்குமாறு கத்திக்கு வேறுவகை உருக்கை இடுவதே காரணம். பழுதென்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டா. பிடி உட்குழிவான பழைய கத்திகளைக் கொதிநீரில் இடலாகாது. உள்ளே நிரப்பிய பசை இளகிப் பிடி கழன்றுவிடும்.

இப்பொருள்களைச் செய்த கைகளைப் பற்றிச் சேகரிப்பாளர் நூல்கள் குறைவாகவே பேசுகின்றன. ஷெபீல்டில் ஒற்றையறைப் பட்டறைகளில் தனித்துத் தொழில் செய்த கைவினைஞர்களைச் ‘சிறு முதலாளிகள்’ என்று அவ்வூர் வழக்கிற் சொல்வர். கரண்டியை மெருகேற்றியவர் பெண்கள். மணலும் எண்ணெயும் தெறிக்குமென்று பழுப்புத் தாளை உடலிற் சுற்றிக்கொண்டு சுழலும் சக்கரத்தின்முன் நாள் முழுதும் நின்றனர். கீழைத் தேசங்களிலிருந்து மலிவான கரண்டிகள் வந்து குவியவே அவர்களின் தொழில் தளர்ந்தது. ஓல்ட் ஹோல் தொழிற்சாலை 1984இல் மூடப்பட்டது. நம்மவர் வீடுகளிலும் பித்தளைச் செம்பும் மூக்குப்பேணியும் எடைக்குப் போக, அவை இருந்த தட்டில் எவர்சில்வர் ஏறியது. அங்கே ஒன்று அழிந்ததும் இங்கே ஒன்று அழிந்ததும் அதே உலோகத்தின் வழியாகத்தான். மெல்லர் மட்டும் 1990இல் ஹதர்சேஜ் என்னும் ஊரில், பழைய வாயுத்தாங்கியின் வட்ட அடித்தளத்தின்மேல் புதிய வட்ட வடிவத் தொழிற்சாலை ஒன்றை எழுப்பினார்.

சேர்த்தவற்றைப் பூட்டி வைப்பதா, புழங்குவதா என்பது சேகரிப்பாளரிடையே ஓயாத வழக்கு. நாம் புழங்குவோர் பக்கமே. பழைய முலாம்பூச்சுக் கரண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். மேசையிற் படும் குழிவின் அடியில் மட்டும் முலாம் தேய்ந்து உள்ளுலோகத்தின் மங்கல் நிறம் தெரியும். புதிதாக முலாம் பூசித் தருவதாகக் கடைக்காரர் சொல்வார். பல்லாண்டுகளாக ஒரு குடும்பம் உண்டதற்கு அக்கரண்டியில் எஞ்சிய அடையாளம் அவ்வளவே. அதனை அப்படியே விட்டுவிடுமாறு கடைக்காரரிடம் சொல்லுங்கள்.