பிள்ளை பிடிக்கிறவன்

“தெரியாதவங்க மிட்டாய் குடுத்தா வாங்கக் கூடாது.” தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளையும் இதைக் கேட்காமல் ஆறு வயதைத் தாண்டியிருக்காது. காரைக்குடிப் பக்கம் அப்பத்தாக்கள் கொஞ்சம் விரித்தே சொல்வார்கள். மிட்டாயில் மயக்க மருந்து இருக்கும், சாக்குப்பையில் போட்டுத் தூக்கிட்டுப் போயிருவான், பாலம் கட்டுற இடத்துல பலி குடுத்துருவான். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை நாம் நிறுத்த வேண்டும். இது பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. ஆள் உயிரை வாங்கியிருக்கிறது. அதைவிட, யாரைப் பார்த்துப் பிள்ளை பயப்பட வேண்டுமோ அவரைப் பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறது.

2018 மே 9. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கும்பிடக் காரில் கிளம்புகிறது. மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் கூட இருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர் வட்டாரத்தில் வண்டியை நிறுத்திக் கோயிலுக்கு வழி கேட்கிறார்கள். அங்கே நின்ற பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் பையில் சாக்லேட் இல்லாமல் இருக்குமா? அவ்வளவுதான். பிள்ளை பிடிக்க வந்த கூட்டம் என்று பேச்சுக் கிளம்பி, வண்டியை மறித்து, ஊர் கூடி அடித்தது. வயதான அம்மா ஒருவர் செத்தே போனார். மற்றவர்கள் படுகாயத்தோடு பிழைத்தார்கள். அதே வாரம் பழவேற்காட்டில், வீடுவாசல் இல்லாமல் திரிந்த ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

எல்லாப் பழியும் வாட்ஸ்அப் மேல் விழுந்தது. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்க ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள் என்ற குரல் பதிவுகள் அப்போது கை மாறிக்கொண்டே இருந்தன. பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கும் ஒரு வீடியோ நாடெங்கும் சுற்றியது. அது கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விளம்பரம். தூக்கியவர்களே பிள்ளையைத் திருப்பி விடும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நல்லது. ஆனால் சாக்லேட் எப்படி ஆதாரமாயிற்று? அதை எந்த ஃபார்வர்டும் புதிதாகக் கற்றுக்கொடுக்கவில்லை. அடித்த ஒவ்வொருவனும் சின்ன வயதில் சோறு ஊட்டும்போது கேட்ட கதை அது.

நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. அமெரிக்காவில் ஹாலோவீன் இரவில் பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போவார்கள். (சென்னை அபார்ட்மென்ட்களில் இப்போது இது நடந்தால் கலாசாரம் கெட்டது என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது. கொலு வைத்த வீடெல்லாம் ஏறி இறங்கிச் சுண்டல் வாங்கிய கூட்டம்தான் அது.) அந்த மிட்டாயில் விஷம் இருக்கும், பிளேடு இருக்கும் என்ற பயம் அங்கே தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதல் வந்த செய்திகளைத் தோண்டிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை செத்ததாகவோ பெரிய காயம் பட்டதாகவோ ஒரு வழக்கைக்கூட அவரால் உறுதிப்படுத்த முடியவில்லை.

ஆனால் 1974இல் டெக்சாஸில் ஒரு எட்டு வயதுப் பையன் சயனைடு கலந்த மிட்டாய் தின்று செத்தான். கொடுத்தது அவனுடைய அப்பா. இன்சூரன்ஸ் பணத்துக்காக. பழி யாரோ ஒரு தெரியாதவன் மேல் விழும் என்று நம்பித்தான் அந்த ராத்திரியைத் தேர்ந்தெடுத்தான். 1984இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது. நாம் சொல்லிக்கொடுக்கும் எச்சரிக்கை, கொலைகாரன் போர்த்திக்கொள்ளும் போர்வையாகவும் இருந்திருக்கிறது.

“அப்போ பிள்ளைக் கடத்தலே இல்லைங்கிறியா?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாடு இன்றும் மறக்காத கடத்தல் 2010 அக்டோபரில் கோவையில் நடந்தது. பள்ளிக்குக் கிளம்பி நின்ற அக்காவும் தம்பியும் வண்டியில் ஏறினார்கள், திரும்பி வரவில்லை. ஓட்டியவன் அதற்கு முன்பே அவர்களைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுப் பழக்கமானவன். தெரிந்த அண்ணன். நம் எச்சரிக்கையை அந்தப் பிள்ளைகள் மீறவே இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள். போக்சோ சட்டத்தில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்த ஆள். குடும்பத்தவர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், வாத்தியார். மிட்டாய் வாங்கித் தரும் உரிமை உள்ளவர்கள். அந்த மிட்டாயை வேண்டாம் என்றால் “மாமா ஆசையா குடுக்குறாங்கல்ல, வாங்கிக்க” என்று நாமே கையைப் பிடித்து நீட்டவைப்போம்.

அதுபோக, ‘தெரியாதவன்’ என்று நாம் சொல்வது உண்மையிலேயே தெரியாதவனையா? கானாடுகாத்தானில் அரண்மனை வீடுகளைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் தெருப்பிள்ளைக்கு ஒரு சாக்லேட்டை நீட்டினால் யாரும் கல்லெடுக்கப் போவதில்லை, “தேங்க்யூ சொல்லு” என்போம். அதே தெருவில் போர்வை விற்று வரும் இந்திக்காரப் பையன் நீட்டிப் பார்க்கட்டும். பிள்ளை பிடிக்கிறவனுக்கு நம் மனதில் ஒரு முகம் இருக்கிறது. அழுக்குச் சட்டை, புரியாத பாஷை, கையில் ஒரு மூட்டை. 2018இல் வதந்தி வடநாட்டானைத் தேடியதும், பழவேற்காட்டில் அடி ஒரு கதியற்றவர் மேல் விழுந்ததும் தற்செயல் இல்லை.

இதைச் செட்டிநாட்டில் உட்கார்ந்து சொல்ல எனக்குக் கூடுதல் கூச்சம். இந்த வீடுகளே பர்மாவிலும் மலாயாவிலும் பாஷை தெரியாத ஊருக்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அந்நியர்கள் கட்டியவை. வழிப்போக்கன் படுக்கத் திண்ணை வைத்தார்கள், காசி வரைக்கும் சத்திரம் கட்டினார்கள். இன்றைக்கும் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற பிள்ளைக்கு வழியெல்லாம் முகம் தெரியாதவர்கள்தான் தண்ணீரும் பழமும் நீட்டுகிறார்கள். நோன்புக் காலத்தில் பள்ளிவாசலுக்குத் தூக்குவாளியோடு போகிற பிள்ளை கஞ்சி ஊற்றுகிறவரின் பெயரைக் கேட்பதில்லை.

பிள்ளைகளிடம் சொல்ல வேறு வாக்கியங்கள் இருக்கின்றன. யார் கூப்பிட்டாலும், சித்தப்பாவே கூப்பிட்டாலும், வீட்டில் சொல்லாமல் போகாதே. அம்மாகிட்ட சொல்லாதேன்னு யார் சொன்னாலும் அதை முதல்ல வந்து சொல்லு. பிடிக்கலைன்னா மடியில உட்கார வேண்டாம். மாமாவின் முகம் கோணும் என்று நாம் இவற்றைச் சொல்வதில்லை. முகமே இல்லாத பிள்ளை பிடிக்கிறவனுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. 1098க்குக் கூப்பிட்டால் உதவி வரும், ஆனால் பிள்ளை வாயைத் திறந்த பிறகுதான் நாம் கூப்பிட முடியும்.

ஒரு கல்யாணத்துக்காக வருஷம் பூராவும் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறப்பார்கள். ஐம்பது அறுபது உறவு வந்து இறங்கும். வளவில் வரிசையாகப் பாய் விரிந்திருக்கும், பிள்ளைகள் கிடைத்த இடத்தில் சுருண்டு கொள்ளும். பெரிய தேக்குக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, இனி பயமில்லை என்று ஆச்சி விளக்கை அணைப்பார்.